பன்னிரண்டடி பிளெக்ஸில் என் நண்பர்

2025 அக்டோபர் 19, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி இருபது நிமிடம். வானம் மூடிக் கிடந்தது. இரவு பெய்த மழை விட்டிருந்தாலும் வாடைக்காற்று நிற்கவில்லை. நானும் என் நண்பரும் எங்கள் ஊர்க் கோயில் வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கினோம். கொடிமரத்துக்கும் சிலுவை நிற்கிற குருசடிக்கும் நடுவில், நான்கு சவுக்குக் கம்புகளில், பன்னிரண்டடிக்கு எட்டடி அளவில் ஒரு பிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். நடுவில் என் நண்பர். மேலுக்குச் சட்டை இல்லை. கீழே தொடைவரை கிழிந்த அரைக்கால் சட்டை. அவருடைய காலடியில் வட்டம் வட்டமாகக் கோயில் கமிட்டிக்காரர்களின் முகங்கள். எண்ணினேன். பதினான்கு பேர், பதினான்கு வெள்ளைச் சட்டை.

அந்தப் படத்தை எடுத்தவன் நான். கீழே கொட்டை எழுத்தில் இருந்த வாசகமும் என்னுடையது: ‘உடுக்க உடையும் உண்ண உணவும் இல்லாத இம்மக்கள் உங்கள் உதவியையே நம்பியிருக்கிறார்கள்.’ கடைசியில் என் பெயர். எனக்கு முட்டிக்கொண்டு கோபம் வந்தது. இதை எழுதும்போதும் குறையவில்லை.

நான் துறவி அல்ல. மொசாம்பிக் கடற்கரையில், மிஷன் நடத்திய ஒரு தச்சுப் பள்ளியில் இருபத்தொன்பது ஆண்டுகள் கணக்கு சொல்லிக்கொடுத்தேன். கல்யாணம் செய்யவில்லை என்பதால் ஊருக்கு நான் ‘பிரதர்’. அறுபத்தெட்டு வயதில் திரும்பி வந்து, தூத்துக்குடியில் இரண்டு அறை வாடகை வீட்டில் இருக்கிறேன். மிஷனரி என்றால் நம் ஆட்கள் மனத்தில் ஒரு சித்திரம் இருக்கிறது: நாம் கொடுப்போம், அவர்கள் வாங்குவார்கள். நான் அங்கே வாங்கியதை எந்தப் பிரசங்கத்திலும் யாரும் சொன்னதில்லை.

நண்பர் என்னைவிட இரண்டு வயது மூத்தவர். அந்த மொசாம்பிக் கடற்கரைக்காரர், மூன்று படகுகளின் சொந்தக்காரர். நான் போய் இறங்கிய முதல் வாரம், எனக்குச் சமைக்கத் தெரியாது என்று கண்டுபிடித்து ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குக் கூட்டிப்போனார். அதன்பின் ஒரு ஞாயிறும் தப்பியதில்லை. விடுமுறைக்கு ஊருக்கு வந்த எட்டு முறையைக் கழித்தாலும் ஆயிரத்து நானூறு சாப்பாட்டுக்குக் குறையாது. ஒரே ஒரு முறை நான் புளிக்குழம்பு வைத்து அழைத்தேன். ஒரு வாய் உண்டுவிட்டு, இது எந்த நோய்க்கு மருந்து என்று கேட்டார். ஆனாலும் தட்டைக் காலி செய்தார். எனக்கு ஐந்து முறை மலேரியா. மூன்றாவது முறை சாகக் கிடந்தபோது, ஆறு மணி நேரம் பாய்மரப் படகில் என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அன்று அவருக்கு ஒரு நாள் மீன்பாடு போனது. அதை அவர் ஒரு தடவைகூடச் சொல்லிக்காட்டவில்லை. கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்தது எங்கள் ஊருக்கு ஐந்நூறு வருஷப் பெருமை என்று நான் அளந்தபோது, தன் பாட்டனுக்குப் பாட்டன் ஞானஸ்நானம் பெற்ற தொட்டி இன்னும் அவர்கள் கோயிலில் இருப்பதைக் கூட்டிப்போய்க் காட்டினார்.

இப்படிப்பட்டவரை நான் ஏன் அப்படி எழுதினேன்? தச்சுப் பள்ளிக்குக் கூரை வேண்டியிருந்தது. அறுபத்திரண்டு தகரம். ஊருக்கு ஒரு கடிதம் எழுதினேன், உள்ளதை உள்ளபடி. பதினோரு பேர் பணம் அனுப்பினார்கள். இரண்டாவது கடிதத்தில் இந்தப் படத்தையும் அந்த வாக்கியத்தையும் வைத்தேன். நூற்று நாற்பத்தாறு பேர் அனுப்பினார்கள். படகுக்குத் தார் பூசுகிற வேலைக்கு நல்ல உடுப்பை யார் போட்டுக்கொண்டு போவார்கள்? இங்கே நம் ஆட்கள் போவார்களா? படம் எடுத்த அன்று அவர் தார் பூசிக்கொண்டிருந்தார். அவ்வளவுதான். கூரைக்கு வேண்டிய பதினெட்டு உத்திரங்களையும் அவரே காசு வாங்காமல் தந்தார். அதைக் கடிதத்தில் எழுதவில்லை. எழுதினால் தகரம் வராது.

அவர் நம் கடலைப் பார்க்க வேண்டும் என்று பன்னிரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். முத்துக் குளித்த கடல் எப்படி இருக்கும் என்று ஒரு ஆசை. அக்டோபர் பதினாறாம் தேதி, சொந்தக் காசில், நான்கு விமானம் மாறி வந்து சேர்ந்தார். பதினாறு நாள் தங்குவதாகத் திட்டம். பெரியதாழைக்குப் போய்ப் படகுகள் பார்க்க வேண்டும், ஆத்தூர் வெற்றிலை போட்டுப் பார்க்க வேண்டும் என்று பட்டியல் வைத்திருந்தார். எனக்கு எழுபத்து நான்கு வயது. என்னை ஒரு மனிதனாக மதிக்கிறவர் என்று சொல்ல இந்த ஒருவர்தான் மிச்சம். பிளெக்ஸைப் பார்த்ததும் நான் பயந்தது இதற்குத்தான்: அந்த எழுத்தில் என்ன இருக்கிறது என்று இவருக்குத் தெரிந்தால் நான் யார்?

அவரோ மகிழ்ந்துபோனார். தம் படத்தை இவ்வளவு பெரிதாக அவர் பார்த்ததே இல்லை. நரை இல்லாத காலத்துப் படம் என்று சிரித்தார். என்ன எழுதியிருக்கிறது என்று போர்ச்சுகீசில் கேட்டார். வருக வருக என்று வரவேற்று எழுதியிருக்கிறார்கள் என்றேன். மேலே சிறிய எழுத்தில் அதுவும் இருந்தது. பிளெக்ஸுக்குப் பக்கத்தில் நின்று, தம்மைப் படம் எடுக்கச் சொன்னார். எடுத்துக் கொடுத்தேன். அங்கேயே நின்று மனைவிக்கும் மகளுக்கும் வாட்ஸப்பில் அனுப்பினார்.

கமிட்டித் தலைவர் எனக்கு ஐந்தாம் வகுப்பில் ஒரே பெஞ்சுக்காரர். ஊருக்கு முன்னால் ‘பிரதர்’, தனியாக இருந்தால் ‘ஏலே’. அவரைச் சாமியார் பூசை உடுப்பு மாற்றுகிற அறைக்குப் பின்னால் இழுத்துப்போய், பூசை தொடங்குவதற்கு முன் அதை அவிழ்க்கச் சொன்னேன்.

“என்னல பேசுத? மரியாததான செஞ்சிருக்கோம். எம்.எல்.ஏ. வந்தப்பகூட பத்துக்கு ஆறுதான் வச்சோம்.”

அது மரியாதை இல்லை, அவமானம் என்றேன்.

“படத்துக்கு நாங்க எங்கன போவோம்? ஒன் லெட்டர்லதான் கெடந்திச்சி. எழுத்தும் ஒன்னோடதுதான். நாங்க ஒரு வார்த்த சேக்கல.”

அன்று மறைபரப்பு ஞாயிறு. வெளிநாட்டு மிஷன்களுக்காகக் காணிக்கை எடுக்கிற நாள். அதற்கென்றே என் நண்பரைப் பீடத்துக்கு அருகில் தனி நாற்காலியில் உட்கார்த்தி வைத்தார்கள். இரண்டாவது காணிக்கை அவருக்காக எடுக்கப்படுகிறது என்று மைக்கில் அறிவித்தபோது, என்ன சொல்கிறார்கள் என்று அவர் என்னைப் பார்த்தார். கூடை வந்தது. அவர் சட்டைப்பையிலிருந்து ஐந்நூறு ரூபாய்த் தாளை எடுத்துப் போட்டார். சபையில் இருநூறு பேருக்கு மேல் இருந்தோம். உண்மை தெரிந்த நான் எழுந்து நிறுத்தியிருக்கலாம். எழவில்லை. பூசை முடிந்ததும் பொன்னாடை போர்த்தி, ஒரு கவரைக் கையில் கொடுத்தார்கள். பதினெட்டாயிரத்து இருநூற்று அறுபத்தைந்து ரூபாய் என்று மைக்கில் வாசித்தார்கள். விருந்தாளிக்குச் செய்கிற வழக்கம் போலிருக்கிறது என்று எண்ணி, அவர் கைகூப்பி வாங்கிக்கொண்டார். எல்லோரும் கைதட்டினார்கள். ஏழெட்டுப் பெண்கள் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார்கள். ஏன் அழுகிறார்கள் என்று கேட்டார். இரக்கம் உள்ளவர்கள் என்றேன். அது இரண்டாவது பொய்.

பகல் ஒன்றே முக்காலுக்கு என் வீட்டில் மீன் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவருடைய போன் ஒலித்தது. மகள் குரல்பதிவு அனுப்பியிருந்தாள். பிளெக்ஸ் படத்தில் இருக்கிற எழுத்தை அவள் தன் போனில் வைத்து மொழிபெயர்த்துப் பார்த்திருக்கிறாள். ஒரு நிமிடம் பத்து நொடி. எனக்கும் கேட்டது. ‘அப்பா, நமக்குச் சோறு இல்லை என்று எழுதியிருக்கிறார்கள், கீழே மாமாவின் பெயர் இருக்கிறது’ என்று சொன்னாள். என்னை அந்தப் பெண் பிறந்ததிலிருந்து மாமா என்றுதான் அழைப்பாள்.

அவர் இன்னொரு முறை கேட்டார். பிறகு போனைக் கவிழ்த்து வைத்தார்.

“நீ எழுதியதா?”

ஆமாம் என்றேன்.

“அன்றைக்கு நீயும்தான் தார் பூசினாய். உன் கால்சட்டையும்தான் கிழிந்திருந்தது. உன்னை ஏன் படம் எடுக்கவில்லை?”

கூரைக்காக என்றேன். அறுபத்திரண்டு தகரம், நூற்று நாற்பத்தாறு பேர் என்று எண்களைச் சொல்லிக்கொண்டே போனேன். எண்ணைச் சொன்னால் நியாயம் ஆகிவிடும் என்று நினைக்கிற கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. உத்திரம் தந்தது யார் என்று எழுதினாயா என்று கேட்டார். இல்லை என்றேன். காலையில் கேட்டபோது ஏன் மறைத்தாய் என்று கேட்டார். அதற்கு என்னிடம் எண்ணும் இல்லை. தட்டில் இருந்ததை முழுக்கச் சாப்பிட்டு முடித்து, கையைக் கழுவிவிட்டு வந்து, டிக்கெட்டை மாற்ற முடியுமா பார் என்றார். இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது, பெரியதாழை பார்க்கவில்லையே என்று கெஞ்சினேன். படகுகள் தன் ஊரிலும் இருக்கின்றன என்றார்.

பொன்னாடையையும் கவரையும் மேசைமேல் வைத்துவிட்டு உள்ளறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டார். நான் கவரை எடுத்துக்கொண்டு நேரே தலைவர் வீட்டுக்குப் போனேன். கோயிலில் எடுத்த காணிக்கையைத் திரும்ப வாங்க முடியாது, ரசீது போட்டாயிற்று என்றார். அவருக்கு வேண்டாம் என்றால் ஆப்பிரிக்காவில் வேறு யாருக்காவது அனுப்பிவிடுவோமே என்றார், நல்ல மனத்தோடு. அந்த நல்ல மனத்தைக் கண்டுதான் எனக்கு வெறி பிடித்தது. அந்த மனத்தை இருபத்தொன்பது வருஷமாகக் கடிதம் கடிதமாக எழுதி உண்டாக்கியவன் நான்தானே. அதில் ஐந்நூறு ரூபாய் என் நண்பர் போட்டது என்று சொல்லி, கவரைத் தலைவரின் மேசையில் எறிந்துவிட்டு வந்தேன். பிளெக்ஸை அன்று சாயங்காலம் நானே பேனாக்கத்தியால் அறுத்து இறக்கினேன். மழையில் நனைந்து கனமாக இருந்தது. இருவர் வேடிக்கை பார்த்தார்கள். யாரும் தடுக்கவில்லை, உதவவும் இல்லை.

செவ்வாய்க்கிழமை முற்பகல் நண்பரை வாகைக்குளம் விமான நிலையத்தில் இறக்கிவிட்டேன். வழக்கமாக அவர் இரண்டு கையாலும் என்னைக் கட்டிப்பிடிப்பார். அன்று கைகுலுக்கினார். உடம்பைப் பார்த்துக்கொள் என்றார். ஊருக்குப் போய்ச் சேர்ந்ததாக மகளிடமிருந்துதான் செய்தி வந்தது, இரண்டு சொல். அதன்பின் ஞாயிறுதோறும் நான் அனுப்பும் செய்திகளை அவர் பார்த்துவிட்டதாகப் போன் காட்டுகிறது. பதில் இல்லை. இதுவரை பதினேழு செய்தி.

டிக்கெட் மாற்றிய கட்டணம் முப்பத்தெட்டாயிரத்து அறுநூற்று நாற்பது. சென்னைக்குப் புது டிக்கெட் ஆறாயிரத்து எண்ணூற்று எழுபது. கார் தொள்ளாயிரம். மொத்தம் நாற்பத்தாறாயிரத்து நானூற்றுப் பத்து ரூபாய், எல்லாம் அவர் கையிலிருந்து.