கென்யாவுக்குப் போகவிருந்த சமையல்காரி

எழுபதுகளின் நடுவில், சிட்னியில், ஹோம்புஷில் எங்கள் ஃபிளாட்டின் சாப்பாட்டு மேசையில் சோற்றுக் கோப்பை வைக்க இடமில்லாமல் போனது. மேசை முழுக்கக் கென்யாவின் தேசப்படம் விரிந்து கிடந்தது. அது சுருளாமல் இருக்க நாலு மூலையிலும் என்னுடைய மிளகாய்த்தூள் போத்தல்கள். என் கணவர் என்ஜினியர். ஒரு வேலையைச் செய்வதைவிட அதைத் திட்டமிடுவதில்தான் அவருக்குச் சந்தோசம். நைரோபியில் ஒரு ஜீப்பை வாடகைக்கு எடுத்து, நாங்களே ஓட்டிக்கொண்டு போய், காட்டுக்குள் கூடாரமடித்து, சிங்கம் யானை எல்லாம் பார்த்து வருவது என்று ஒருநாள் வேலையால் வந்த கையோடு அறிவித்தார்.

கூட்டாளிகள் இரண்டு பேர். ஒருவர் டொக்டர், எங்களைவிட மூத்தவர். அவருடைய மனைவி முதல் நாளே 'நான் வரேல்லை' என்று சொல்லித் தப்பிவிட்ட புத்திசாலி. மற்றவர் கணக்காளர், கலியாணமாகாதவர், சனிக்கிழமை தவறாமல் எங்கள் வீட்டில் சாப்பிடுகிறவர். வெள்ளைக்காரன் விட்டுப்போன ஆபிரிக்காவை மூன்று பேரும் சேர்ந்து என் மேசையில் மறுபடி பங்கு பிரித்தார்கள். பாதைக்கு என் கணவர், மருந்துக்கு டொக்டர், கமெராவுக்குக் கணக்காளர்.

"அப்ப எனக்கு?" என்று கேட்டேன்.

"நீர் சமையலைப் பாருமன்," என்றார் என் கணவர், பட்டம் கொடுப்பவர் மாதிரி.

அடடா, என்ன பதவி! கடல் தாண்டிப் போய், சிங்கத்துக்குப் பக்கத்தில் இருந்து வெங்காயம் வெட்டுகிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? அவர்களுடைய ஆயத்தமும் அதற்கேற்றபடிதான் இருந்தது. பாம்புக்கடியைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினார்கள். புட்டுக்குழலைக் கொண்டுபோவதா விடுவதா என்பதில் ஒரு பின்னேரமே போனது. கருவாடு கொண்டுபோனால் சிங்கம் மணம் பிடித்து வருமா என்று கணக்காளர் கேட்டார். டொக்டர் நன்றாக யோசித்து, "பொரிச்சால்தான் வரும்," என்றார்.

என் மனதில் இருந்ததை ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு உண்மையிலேயே போக ஆசை. சின்ன ஆசை இல்லை. ஆஸ்பத்திரியில் வேலை முடிந்து கார் ஓட்டி வரும்போது, எதிரே இருக்கிற ரோட்டை விட்டுவிட்டு அந்தப் புல்வெளியைப் பார்த்துக்கொண்டு வருகிற அளவு ஆசை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஒட்டகச்சிவிங்கி நடப்பதைப் பார்க்கவேண்டும். மற்றவர்களின் பசியை நினைக்காமல் எனக்கு ஒரு நாளாவது விடியவேண்டும்.

வாடகைக் கொம்பனி எனக்குக் கைகொடுத்தது. ஜீப்புக்கு லைசென்ஸ் உள்ள இருவர் வேண்டுமாம். டொக்டரிடம் இருந்தது. கணக்காளர் ரெயினில் போகிறவர். என் கணவர் இரண்டு தரம் சோதனைக்குப் போய், இரண்டு தரமும் சோதித்தவனுக்கு நிறத்துவேசம் என்று சொல்லிக்கொண்டு திரும்பி வந்தவர். கார் நடைபாதையில் ஏறியதைப் பற்றி அவர் கதைப்பதில்லை. மிச்சம் நான்தான்.

"நான் ஜீப் ஓடுறன். ஆனா சமைக்கமாட்டன். நீங்கள் மூண்டு பேரும் முறை வைச்சுச் சமையுங்கோ," என்றேன்.

"ஓம் ஓம், அதுக்கென்ன!" என்று மூவரும் சிரித்தார்கள். நான் பகிடி விடுகிறேனாம்.

பழகிப் பார்ப்போம் என்று ஒரு வார இறுதியில் சிட்னிக்கு வெளியே நீலமலைப் பக்கம் கூடாரத்தோடு போனோம். டொக்டரின் காரை நான்தான் ஓட்டினேன். போய் இறங்கியதும் மடக்குக் கதிரையை மரத்தடியில் விரித்து, புத்தகத்தோடு இருந்துவிட்டேன். கூடாரம் ஒருவழியாக ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. பிறகு மூவரும் சட்டியைச் சுற்றி நின்றார்கள். நின்றார்கள், நின்றுகொண்டே இருந்தார்கள்.

"அக்கா, அரிசி கழுவவேணுமோ?" என்று கணக்காளர் கேட்டார்.

"உங்கடை விருப்பம்," என்றேன்.

சோறு அடியில் கரி, நடுவில் கஞ்சி, மேலே அவியாத அரிசி. பொரித்த கருவாட்டு மணத்துக்குச் சிங்கம் வரவில்லை, ஓர் உடும்பு வந்தது. காட்டு மிருகங்களைக் கிட்ட நின்று படம் பிடிக்க இருந்த கணக்காளர், கமெராவை நிலத்தில் போட்டுவிட்டுக் காருக்குள் ஏறிக் கதவைப் பூட்டிக்கொண்டார். உடும்பு ஆறுதலாகக் கருவாட்டைத் தின்றுவிட்டுப் போனது. அவர்களுடைய சமையலை மதித்தது அது ஒன்றுதான்.

திரும்பி வரும்போது மூவரும் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டு வந்தார்கள். எனக்கோ வாயில் பாட்டு வந்தது. மலைப்பாதை வளைவுகளில் கார் என் சொல்லுக் கேட்டது. ஆபிரிக்காவுக்கு நான் ஆயத்தம்.

அடுத்த சனிக்கிழமை வேலையால் வந்தபோது மூவரும் இருந்தார்கள். மேசை வெறுமையாகக் கிடந்தது. கென்யாவைச் சுருட்டிக் கதவு மூலையில் வைத்திருந்தார்கள்.

"தங்கச்சி, நாங்கள் நல்லா யோசிச்சனாங்கள்," என்று டொக்டர் தொடங்கினார், நோயாளிக்குச் சொல்கிற குரலில். "ஒரு பொம்பிளையைக் கூட்டிக்கொண்டு அந்தக் காட்டுக்குள்ளை போறது சரியில்லை. உமக்கு ஏதும் நடந்தா ஆர் பதில் சொல்லுறது?"

"அதுதான், உம்மடை பாதுகாப்புக்காகத்தான் விட்டிட்டம்," என்றார் என் கணவர்.

எனக்காகவாம்! தாங்கள் சமைத்ததைத் தாங்களே தின்ன முடியாமல் ஓடி வந்தவர்களுக்கு என் உயிர்மேல் வந்த அக்கறையைப் பாருங்கள். நக்கலாக ஏதாவது சொல்லத்தான் வாயைத் திறந்தேன். குரல் உடைந்துவிட்டது.

"எனக்குப் போகவேணும். இந்த வீட்டிலை எனக்கு மட்டும்தான் உண்மையாப் போகவேணும் எண்டு இருந்தது," என்றேன்.

வழக்கமாக அந்த நேரம் அடுப்பில் குழம்பு கொதிக்கும். கணக்காளர் மெல்லக் குசினிப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, அப்ப இண்டைக்கு..." என்று இழுத்தார்.

நான் கைப்பையை மேசையில் வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தேன். என் முகத்தைப் பார்த்த என் கணவர், எழும்பிக் குசினிக்குள் போனார். அலுமாரிக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. மேல் தட்டு, கீழ்த் தட்டு, திரும்பவும் மேல் தட்டு.

"இஞ்சாரும், அரிசி எங்கை இருக்கு?"

ஆபிரிக்காவுக்கு நாங்கள் கடைசிவரை போகவில்லை. அரிசி எங்கே இருக்கிறது என்று நான் அன்றைக்குச் சொல்லவுமில்லை.