மலை வளைவிலிருந்து தெரிந்த புகை

என் தம்பி கல்யாணத்தில் தன்னை முதல் பந்தியில் உட்கார வைக்கவில்லை என்று கோபித்துக்கொண்ட என் கணவர், இனி நான் பிறந்த வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். கோயமுத்தூரில் மோட்டார் கார் வைத்திருப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்றிருந்த முப்பதுகள் அவை.

அம்மா செத்த சேதி காலையிலேயே வந்தது. மதியம் சாவகாசமாகச் சாப்பிட்டு முடித்தவர், "கெளம்பு, கூட்டிட்டுப் போறேன்" என்று காரை எடுத்தார். மனசு இளகிவிட்டது என்று நம்பி, அம்மாவுக்கு வாய்க்கரிசி போட ஒரு பிடி அரிசியை முந்தானையில் முடிந்துகொண்டேன்.

மேட்டுப்பாளையத்தில் எங்கள் ஊர்ப் பக்கம் திரும்பாமல், கார் குன்னூர் மலைப்பாதையில் ஏறியது.

"ஏனுங்க, வழி இதில்லீங்க" என்றேன்.

ஒரு வளைவில் நிறுத்தினார். ஊட்டிக்குப் போகிற குடும்பம் ஒன்று அங்கே ஆரஞ்சு உரித்துத் தின்றபடி கீழே பார்த்து வியந்துகொண்டிருந்தது. இவரும் கை நீட்டிக் காட்டினார்.

"மிதிக்கக் கூடாதுன்னுதான் சொன்னேன் அம்மணி, பாக்கக் கூடாதுன்னா சொன்னேன்? அதா, பவானி ஓரத்துல பொகை தெரியுதா? உங்கம்மாதான். நல்லாப் பாத்துக்க."

நான் அழவில்லை. வீடு திரும்பியதும், முந்தானையில் இருந்த அரிசியையும் சேர்த்து உலையில் போட்டேன்.

"சோறு இன்னிக்குப் பதமா இருக்குது" என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அதற்கப்புறமும் அவர் வெகுகாலம் இருந்தார். வாய்க்கரிசியை நான் அன்றைக்கே போட்டுவிட்டேன்.