மரத்தில் அடங்காத நாலு செடிகள்

"உமக்கு மரம் கீறத் தெரியேல்லையோ, இல்லாட்டி இது மீன் வலையோ?"

என் ஆய்வுப் படத்தைப் பார்த்து விரிவுரையாளர் கேட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீட்டிலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். அந்தச் சிரிப்பு வீடுவரை கூடவே வந்தது.

எங்கள் தோட்டத்துப் பழைய தேயிலைச் செடிகளின் பூர்வீகத்தை மரபணுக்களைக் கொண்டு தேடுவதுதான் என் ஆய்வு. வழக்கமாக அதை மரமாக வரைவார்கள். கிளை பிரியும், பிரிந்தது மறுபடி சேராது. நாலு செடிகள் அதற்கு ஒத்துவரவில்லை. ஒரு மரபணுவின்படி அவை சீனத்துச் சிற்றிலைத் தேயிலையோடு நின்றன, இன்னொன்றின்படி அசாம் பேரிலையோடு. அதனால் கோடுகள் மீண்டும் சந்திக்கும் வலையாக வரைந்தேன்.

"அந்த நாலையும் விட்டிட்டு மரத்தைக் கீறிக்கொண்டு வாரும். பாஸ் பண்ணிடுவீர்" என்றார் அவர்.

அம்மாவிடம் சொன்னேன். "அப்ப விட்டுத் தொலையேன் புள்ள."

விளங்கவைக்க எங்கள் குடும்பத்தையே வரைந்தேன். அப்பாவின் அம்மாவும் அம்மாவின் அப்பாவும் தங்கை அண்ணன். இரண்டு கோடும் மேலே ஒரே தம்பதியிடம் போய் முட்டின.

"மாமா மகளக் கட்டுனா மரம் வராதும்மா."

"அப்ப என்னைய வெட்டி வுட்டுரு. மரம் அழகா வந்துரும்" என்று அம்மா சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வலை முரண்பாட்டைத்தான் காட்டும், காரணத்தைச் சொல்லாது. செடிகள் கலந்து பிறந்ததாலா, ஆய்வுகூடத்தில் என் மாதிரிகள் மாறிப்போனதாலா? நாலையும் விட்டால் பட்டம் கைக்கு வரும். வைத்துக்கொண்டு அது பிழையென்று ஆனால், தோட்டத்துப் பிள்ளைக்கு இவ்வளவுதான் என்பார்கள். அதைவிட, எனக்கே தெரியாத ஒன்றை அழகான மரமாக வரைந்து கையெழுத்துப் போடுவதுதான் என்னை அரித்தது.

அந்த நாலும் அம்மா கொழுந்தெடுக்கும் நிரையில் நிற்கின்றன. அடையாளத்துக்குச் சேலைக் கிழிசல் கட்டியிருக்கிறோம். காலையில் அம்மா வேலைக்குப் போனபோது நானும் போய் ஒவ்வொன்றிலும் புதிதாக இலை பறித்துத் தனித்தனி உறையில் போட்டேன். மறுபடி சோதிக்கப்போவதாக விரிவுரையாளருக்குச் செய்தியும் அனுப்பிவிட்டேன்.

பல்கலைக்கழகத்துக்குப் போகும் பஸ் கினிகத்தேனையைத் தாண்டிவிட்டது. உறைகள் நாலும் என் மடியில் இருக்கின்றன.