வயிற்றில் ஊசி, வாசலில் சாட்சி

எந்தத் தொழிலிலும் கற்றுக்குட்டியின் கையில் முதலில் அடுத்தவர் பொருளைக் கொடுத்துத்தான் பழக்குவார்கள்; தன் வயிற்றையே கொடுத்துப் பழகச் சொல்லும் தொழில், எனக்குத் தெரிந்து, இது ஒன்றுதான்.

பணி ஓய்வுக்குப் பின் எனக்கு வாய்த்த இரண்டாம் உத்தியோகம் இது. நுரையீரலில் இரத்தக்கட்டி அடைத்து மீண்டவர்கள், மறுபடி இரத்தம் உறையாதிருக்கத் தம் வயிற்றில் தாமே ஊசி குத்திக்கொள்ளும் உத்தியோகம். காலையும் மாலையும் வேலை, விடுப்பு கிடையாது, ஊதியம், விடுகின்ற மூச்சு. மாத்திரையோடு தப்பித்துக்கொள்ளும் பாக்கியசாலிகள் பலர் உண்டு. என் இரைப்பை அந்த மாத்திரைகளோடு ஒத்துழைக்க மறுத்துவிட்டதால், சில மாதங்களுக்கு ஊசிதான் என்று மருத்துவர் தீர்ப்பளித்தார். சக ஊசிக்காரர்களே, நீங்கள் பல்லைக் கடிக்கும் அதே வேளையில் திருவொற்றியூரில் ஒரு முன்னாள் தமிழாசிரியையும் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். அந்த ஆறுதலுக்காகவே இவற்றை எழுதுகிறேன்.

பாவம் ஓரிடம், பழி ஓரிடம்

எங்கள் வட்டாரத்தில் மூச்சு வாங்கினால் யாரும் மருத்துவரிடம் ஓடுவதில்லை. வடக்கே திரும்பி, அனல்மின் நிலையம் இருக்கும் எண்ணூர்ப் பக்கம் ஒருமுறை முறைத்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். இருமல் வந்தால் சாம்பல், கண் எரிந்தால் புகை, மார்பு அடைத்தால் கண்டெய்னர் லாரி கிளப்பும் புழுதி. ஐதராபாத்தில் வங்கி அதிகாரியாக இருக்கும் என் மகள் மணிமொழியைப் பார்த்துவிட்டு இரயிலில் திரும்பியதிலிருந்து எனக்கு இடக்கால் வீங்கியிருந்தது. இருக்கையைப் பழித்தேன். பிறகு மாடிப்படியில் பாதியில் நிற்க வேண்டியதாயிற்று. புகையைப் பழித்தேன். என் வீட்டின் கீழ்ப்பகுதியில் குடியிருக்கும் தேசம்மாவும் என் ஆய்வு முடிவை ஆமோதித்தாள். அவள் கடைத்தெருவில் மீன் விற்பவள். கணவர் காசிமேட்டிலிருந்து விசைப்படகில் போகிறவர். எண்ணூர்க் காற்றில் மூச்சு வாங்காதவர் யார் என்று அவளே என்னைத் தேற்றினாள்.

ஒருநாள் காலை, தண்ணீர்க் குழாயடியில் நான் சரிந்து விழுந்த பிறகுதான், ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். என் மாணவியர் வயதுகூட ஆகாத பெண் மருத்துவர், இத்தனை நாள் என்ன சிகிச்சை எடுத்துக்கொண்டீர்கள் என்று கேட்டார். ஜன்னலைச் சாத்தி வைத்திருந்தேன் என்று உண்மையைச் சொன்னேன். அவர், காலிலிருந்து ஏறி நுரையீரலை அடைத்திருந்த இரத்தக்கட்டியைக் காட்டும் படத்திரையை என் பக்கம் திருப்பினார்.

"புகை ஊருக்கே வருதும்மா. இது உங்களுக்கு மட்டும் வந்தது."

முன்தயாரிப்பு இல்லாத பாடம்

ஊசி போடக் கற்றுத்தந்த செவிலியர் நல்ல பெண். ஆனால் பாடம் நடத்தத் தெரியாதவர். தொப்புளை விட்டு விலகி, சதையை மடிப்பாகப் பிடித்து, ஊசியைச் செங்குத்தாக இறக்கி, மெல்ல அழுத்தி, எடுத்தபின் தேய்க்காதீர்கள் என்று ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டு, "புரிஞ்சுதா?" என்றார். புரிந்ததா என்று வகுப்பைக் கேட்கும் ஆசிரியருக்குப் பாடம் புரியவில்லை என்பது என் நெடுநாள் கொள்கை. ஆகவே ஐயங்களை எழுப்பினேன். ஊசிக்குள் ஒரு காற்றுக்குமிழி தெரிகிறதே, அதை வெளியேற்ற வேண்டாமா என்றேன். வேண்டாம், அது இருக்கட்டும் என்றார். வலப்பக்கம் முதலா, இடப்பக்கம் முதலா என்றேன். இரண்டும் உங்கள் பக்கம்தான் என்றார்.

ஐயங்கள் தீர்ந்தபின் கையில் ஊசி மட்டும் மிஞ்சியது. பொதுத்தேர்வு வினாத்தாள் உறையைக் கத்தரிக்கக்கூட நான் நாள் கடத்தியதில்லை. நாளை தொடங்கலாமா என்று கேட்டேன். பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மாள் தயிர்ச்சோற்றை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். செவிலியர் என் இடக்கையை எடுத்து என் வயிற்றின் மேல் வைத்தார்.

"குத்துங்க டீச்சர். நீங்க பசங்கள அடிச்ச அடியில பாதி வலிகூட இருக்காது."

கண்காணிப்பாளர் நியமனம்

வீடு திரும்பும் முன்பே மணிமொழி நிபந்தனை விதித்துவிட்டாள். நானே ஊசி போட்டுக்கொண்டு ஒழுங்காக இருந்தால் திருவொற்றியூர். ஒரு வேளை தவறினாலும் ஐதராபாத். வீட்டை விற்றுவிடலாம், தரகர்கூடத் தயார் என்றாள். என் கணவரும் நானும் செங்கல் செங்கலாகக் கட்டிய வீடு. ஐதராபாத்தில் பன்னிரண்டாம் மாடியில் உட்கார்ந்து, கண்ணாடிக்கு அப்பாலிருக்கும் இன்னொரு பன்னிரண்டாம் மாடியைப் பார்த்துக்கொண்டு சாக எனக்குச் சம்மதமில்லை. நிபந்தனைக்கு ஒப்புக்கொண்டேன். என் சொல்லை நம்புவாள் என்று நினைத்தேன். என் வளர்ப்பு அல்லவா; சாட்சி கேட்டாள். தேசம்மா இருவேளையும் என் அறை வாசலில் நின்று, நான் ஊசி போடுவதைக் கண்ணால் பார்த்து, மாலையில் தொலைபேசியில் அறிக்கை தர வேண்டுமாம். ஆயுள் முழுக்கத் தேர்வறையில் மேற்பார்வை செய்தவளுக்கு இப்படியொரு மேற்பார்வை.

முதல்நாள் தேசம்மா வந்து நின்றாள். நான் ஊசியின் மூடியைக் கழற்றினேன். திரும்பிப் பார்த்தால், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரிலிருந்த நாட்காட்டியைப் படித்துக்கொண்டிருக்கிறாள். எழுதப் படிக்கத் தெரியாதவள். முடிந்ததா என்று கேட்டு, முடிந்தது என்றதும் திரும்பினாள். அன்று மாலை, கண்ணாரப் பார்த்ததாக என் மகளிடம் அம்மன்மீது ஆணையிட்டாள். வஞ்சிரத்தின் தலையை ஒரே வெட்டில் எடுக்கிற கைக்கு இந்த மயிரிழை ஊசியிடம் அச்சமா என்று கேட்டேன். ஊரில் எல்லோரையும்போல் என்னையும் ஒருமையில் அழைக்கிறவள், ஒருமையிலேயே விடை தந்தாள்.

"நாள் பூரா மீன் தலைய வெட்டறவதான். ஆனா மீனு தன்னத்தானே வெட்டிக்கினு நான் பாத்ததில்ல டீச்சரம்மா. நீ வேற மாரி கீற."

இலவச ஆலோசனை

நமக்கு நோய் வந்தால் ஊரில் அனைவரும் மருத்துவராகிவிடுவர் என்பதை நீங்களும் அறிவீர்கள். என்னுடன் பணியாற்றிய கணக்காசிரியை, தினமும் பூண்டு தின்றால் போதும் என்றார், அவருக்கே வாயுத்தொல்லை. நியாயவிலைக் கடை வரிசையில் ஒரு பெரியவர், ஊசி வயிற்றில், அடைப்பு நுரையீரலில், வழி தவறாதா என்று கவலைப்பட்டார். என் நாத்தனார், நேர்மறையாகச் சிந்தித்தால் இரத்தம் தானே இளகும் என்று செய்தி அனுப்பினார். எதிர்மறையாக ஒரு விடை எழுதி, அனுப்பாமல் அழித்தேன். யாரும், தப்பித்தவறியும், எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவில்லை.

கல்மண்டபத்துக்குப் போகும் வழியில் ஓர் ஆட்டோக்காரர் மட்டும் முழு விவரத்தையும் பொறுமையாகக் கேட்டார். இரத்தம் கெட்டியாகாமல் நீர்த்திருக்கச் செய்யும் மருந்து, விலையும் சற்று அதிகம் என்று விளக்கினேன். இறங்கும்போது தம் முடிவைச் சொன்னார்.

"தண்ணியாக்குறதுக்கு இம்மாந் துட்டா? எங்க பால்காரரு சும்மாவே செய்வாரும்மா."

பெரம்பூர்த் திருமணம்

என் பழைய மாணவி ஒருத்தியின் திருமண வரவேற்பு, பெரம்பூரில். எப்படியும் பார்க்காத சாட்சியை வீட்டில் விட்டுவிட்டு, மாலை ஊசியைக் கைப்பையில் எடுத்துச் சென்றேன். வேளை வந்ததும் மணமகள் அறையின் மூலையில், திரைக்குப் பின் உட்கார்ந்து, புடவையைச் சற்றே தளர்த்தி வேலையைத் தொடங்கினேன். வயிற்றைப் பற்றி ஒரு சொல்: ஊசிக்காரர் வயிறு வரைபடம்போல் இருக்கும். நீலம், பச்சை, மங்கிய மஞ்சள். புதிய கண்டங்கள், அழிந்துவரும் தீவுகள். அந்த உலகப்படம் முழுதும் விரிந்து கிடந்தபோது, திரையை விலக்கி மணமகனின் அத்தை நுழைந்தார்.

அவர் பதறவில்லை. நின்று, நிதானமாகப் பார்த்தார். நான் பெண்ணுக்குப் பெரியம்மாவா, சித்தியா என்று விசாரித்தார். இது பெண் வீட்டு வழியில் எல்லோருக்கும் உள்ளதா, தாலி கட்டும் முன் சொல்லியிருக்க வேண்டாமா என்றார். ஒரு திருமணமே என் வயிற்றின்மேல் நிற்பதை உணர்ந்தேன். நான் உறவே அல்ல, அவளுக்கு ஒன்பதாம் வகுப்பில் தமிழ் நடத்தியவள் என்று ஊசியை இறக்கியபடியே தெளிவுபடுத்தினேன். அத்தையின் முகம் மலர்ந்தது.

"டீச்சரா? அப்பப் பரவால்ல. நான் மனுஷங்களுக்கு வர்ற வியாதியோன்னு பயந்துட்டேன்."

வெள்ளரிக்காய் விபத்து

நமக்குக் காயம் ஆகக் கூடாது. ஆனால் வெள்ளரிக்காய்க்கு அது தெரியாது. அரிவாள்மணையில் நறுக்கும்போது வழுக்கியது. இடக்கைக் கட்டைவிரல் பிளந்தது. இரத்தம், கடைசி மணி அடித்ததும் வகுப்பை விட்டு ஓடும் பிள்ளைகளைப் போல் வந்தது. கூப்பிட்டால் நிற்பதாக இல்லை. நான் போட்ட சத்தத்தில் தேசம்மா படியேறி வந்தாள். இரத்தத்தைக் கண்டு அவள் சிறிதும் அஞ்சவில்லை. துவைத்த துணியைச் சுருட்டி விரலில் வைத்து, தன் முழுப் பலத்தோடு அழுத்தி, என் கையை உயரத் தூக்கிப் பிடித்தபடியே ஆட்டோவில் கொண்டுபோனாள். தெருவே நினைத்தது, நான் ஏதோ கோரிக்கைக்கு முழக்கமிட்டுக்கொண்டு போவதாக. தையல் போட்டார்கள். என் மருத்துவரைத் தொலைபேசியில் கேட்டோம். இன்று மாலை ஊசி வேண்டாம், நாளைக் காலை தொடரலாம் என்றார்.

ஆக, ஒரு வேளை தவறியது. வீட்டுக்கு வந்ததும் மணிமொழியின் அழைப்பு. தேசம்மா என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, ஊசி போட்டாயிற்று, கண்ணாரப் பார்த்தேன் என்று வழக்கமான அறிக்கையைத் தொடங்கினாள். நான் பேசாமல் இருந்திருக்கலாம். வீடு தப்பியிருக்கும். ஆனால் பிட்டுத்துண்டு கண்டால் கை சும்மா இராத பிறவி; தொலைபேசியைப் பிடுங்கி நடந்ததைச் சொன்னேன். உண்மை பேசத் தொடங்கிய வேகத்தில், தேசம்மா இத்தனை மாதமும் நாட்காட்டியைத்தான் பார்த்தாள் என்பதையும் சேர்த்தே சொல்லிவிட்டேன். பிறகு மகள், சனிக்கிழமை வருகிறேன், துணிமணிகளை எடுத்து வையுங்கள் என்றாள். தேசம்மா தொலைபேசியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள்.

"பாப்பா, இன்னிக்கு உங்கம்மா ரத்தத்த நிறுத்தினது நானு. நீ வூட்ட வித்தா எனக்குத்தான் பேஜாரு. புதுசா வர்றவன் எவன் மீன் கூடைய உள்ள வுடுவான்? பாசம்லாம் ஒண்ணும் இல்ல, என் வூட்டுக்காகத்தான் உங்கம்மாவப் பாத்துக்கினு கீறேன். நீ வராத."

மறுநாள் காலை

"பாசம் என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்" என்றாள் வங்கி அதிகாரி. ஆனால் விட்டுவிடவில்லை, மறுநாள் காலை தேசம்மா நேருக்கு நேர் பார்க்க வேண்டும், பார்த்ததைத் தன்னிடம் சொல்ல வேண்டும், அதன்பின்தான் முடிவு என்றாள். அப்போதுதான் எனக்கொரு சிக்கல் உறைத்தது. இடக்கைக் கட்டைவிரலில் உருண்டையாகக் கட்டு. சதையை மடித்துப் பிடிக்க வேண்டிய கை அது. தேசம்மா பார்த்தால் மட்டும் போதாது; என் வயிற்றையே அவள்தான் பிடிக்க வேண்டும்.

காலையில் வந்தாள். சந்தைக்குப் போகுமுன் கைகளைத் திரும்பத் திரும்பச் சோப்புப் போட்டுக் கழுவியிருந்தாள்; அப்படியும் மீன் வாடை மிச்சமிருந்தது. நாட்காட்டிப் பக்கம் ஒருமுறை ஏக்கத்தோடு பார்த்தாள். பிறகு என் முன்னே தரையில் அமர்ந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, கைநிறைய மடிப்பைப் பிடித்தாள். கண்ணைத் திற என்றேன். திறக்கவில்லை. திறக்காவிட்டால் சனிக்கிழமை இருவரும் மூட்டை கட்ட வேண்டியதுதான் என்றேன். ஒரு கண்ணைத் திறந்தாள். ஊசி இறங்கியது. மற்றொரு கண்ணும் திறந்தது. மருந்து முடிந்து ஊசி வெளிவரும்வரை இமைக்காமல் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்த பார்வையில், அதுவரை எனக்கிருந்த மரியாதையெல்லாம் வடிந்துபோயிருந்தது.

"அடச்சே, இம்மாத்தூண்டுதானா? இதுக்கா இத்தினி மாசம் பல்லக் கடிச்சுக்கினு ஸீன் காட்டின? இரு, பாப்பாக்குப் போன போடறேன்."

தேர்வறைக் கண்காணிப்பாளரே தேர்வரின் வயிற்றைப் பிடித்துக்கொடுத்த அந்தத் தேர்வில் நான் தேறிவிட்டேன். பரிசாக, என் சொந்த வீட்டிலேயே மீன் வாடையோடு குடியிருக்க எனக்கு அனுமதி கிடைத்திருக்கிறது.