பிழையே பதிவாகாத வாரம்

டென்மார்க்கின் ஒடென்சே நகரில், முதியோரைப் படுக்கையிலிருந்து தூக்கும் மெஷினுக்கு நிரல் எழுதுவது என் வேலை. நிரல் தன் கணக்குகளை அடுக்கி வைக்கும் நினைவகப் பகுதிக்கு ஸ்டாக் என்று பெயர். அது நிரம்பி வழிந்தால் பக்கத்திலுள்ள தரவுகளை அழித்துவிடும். அதனால் அதன் எல்லையில் ஓர் எண்ணைக் காவலுக்கு வைத்திருந்தேன். அந்த எண் மாறினால் மெஷின் உடனே நின்று பிழையைப் பதிவு செய்யும்.

ஒரு வெள்ளிக்கிழமை, அந்த வாரம் பிழையே பதிவாகவில்லை என்று மேலாளர் கேக் வாங்கி வந்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் என் மனைவி அழைத்தாள்.

“இஞ்சாருங்கோ, உங்கட மெஷின் ஏத்தச் சொன்னா இறக்குது. ஒரு வயசான மனுசி பயந்து அழுகிறா.”

நிரலைத் திறந்தேன். காவலை யாரோ நீக்கியிருந்தார்கள். ஸ்டாக் வழிந்து, ஏற்றுவதா இறக்குவதா என்ற தரவை அழித்தபோதும் மெஷின் நிற்கவில்லை, பிழையும் பதிவாகவில்லை. மேலாளரிடம் கேட்டேன்.

“நான்தான் நீக்கச் சொன்னேன். மெஷின் அடிக்கடி நிற்கிறது என்று புகார் வந்தது” என்றார், சிரித்தபடி.

வாயிலிருந்த கிரீமைக் குப்பைக்கூடையில் துப்பினேன். அவரைக் கேட்காமலே, மெஷினைப் பாவிக்க வேண்டாம் என்று எல்லா இல்லங்களுக்கும் எழுதினேன். பிறகு காவலைத் திரும்ப வைத்தேன். அதன்பின் அவர் என்னோடு கதைக்கவில்லை. எனக்கும் அந்த முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை.