ஏழாம் மாடிக்குப் போகும் கடிதம்

என் அம்மா கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்தவள். முப்பத்தோரு வருடம். கடையின் பின்னால் ஜன்னல் இல்லாத ஓர் அறை. அதில் தேய்ப்பு எந்திரம், தண்ணீர்த் தொட்டி, இரண்டு உயரமான ஸ்டூல்கள். அந்த அறையில் இருந்தவரை வாடிக்கையாளர்கள் யாரும் அவள் முகத்தைப் பார்த்ததில்லை. ஆனால் அந்த வட்டாரத்தில் பாதிப் பேர் அவள் தேய்த்த கண்ணாடி வழியாகத்தான் மற்றவர் முகத்தைப் பார்த்தார்கள். என் மாமாவும் அப்படித்தான்.

மாமா, அம்மாவின் அண்ணன். பத்திர எழுத்தராக இருந்தவர். அவர் கையெழுத்து அச்சுக் கோத்த மாதிரி இருக்கும். ‘ழ’வின் வால் மட்டும் அடுத்த வரி வரை இறங்கி ஒரு சுழி சுழித்து நிற்கும். அந்தச் சுழிக்காகவே அவரிடம் பத்திரம் எழுத வருவார்கள்.

என்னைப் பெற்றவள் அந்த அறையின் இரண்டாவது ஸ்டூலில் உட்கார்ந்து வேலை பார்த்தவள். அம்மாவின் தோழி. கல்யாணமாகி வெளிநாடு போனாள். எனக்கு ஒன்பது வயதில் அவளும் அப்பாவும் ஒரே விபத்தில் போனார்கள். என்னைக் குழந்தைகள் இல்லத்தில் சேர்த்தார்கள். செய்தி அம்மாவுக்கு வந்து சேர நான்கு மாதம் ஆனது. அவளுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது, கல்யாணம் ஆகவில்லை. தத்தெடுக்க விண்ணப்பம் போட்டாள். கடையில் இரண்டு மாத விடுப்புச் சொல்லிவிட்டு விமானம் ஏறினாள்.

இல்லத்தின் பார்வையாளர் அறையில் நான் ஒரு படப் புத்தகத்தை மூக்கோடு ஒட்டி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வந்து எதிரில் உட்கார்ந்தாள். கட்டிப் பிடிக்கவில்லை, அழவில்லை.

“உனக்கு மைனஸ் டூ இருக்கும்போலயே” என்றாள்.

அவள் என்னிடம் பேசிய முதல் வாக்கியம் அது. அன்று முதல் வீட்டில் என் பெயர் மைனஸ் டூ.

நீதிமன்றத்தில் என் சம்மதத்தைக் கேட்டார்கள். ஒன்பது வயதுப் பிள்ளை என்றால் கேட்டாக வேண்டும், அது சட்டம். நீதிபதி கடைசி பெஞ்சைக் காட்டி, “அவங்களோட போக உனக்கு இஷ்டமா?” என்று கேட்டார். கடைசி பெஞ்சில் இரண்டு நீல உடைகள். ஒன்று அம்மா. இன்னொன்று இல்லத்தின் பொறுப்பாளர், எனக்குக் கொஞ்சமும் பிடிக்காதவர். என் கண்ணுக்கு இரண்டும் ஒரே நீலப் புகை. யாரைக் காட்டுகிறார் என்று தெரியவில்லை.

“தெரியாது” என்றேன்.

வழக்கை இரண்டு வாரம் தள்ளி வைத்தார்கள்.

அம்மா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் அந்த ஊர்க் கண்ணாடிக் கடைக்கு அழைத்துப்போனாள். கடைக்காரரிடம் சைகையில் பேசி, அவருடைய எந்திரத்தில் தானே லென்ஸ் தேய்த்தாள். அவர் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியை மாட்டிவிட்டு அம்மா பத்தடி தள்ளி நின்றாள்.

“இப்ப யாரு தெரியுறா?”

“நீங்க.”

“நல்லா பாத்துக்கோ. மூக்கு கொஞ்சம் பெருசு. அப்புறம் ஏமாத்திட்டேன்னு சொல்லக் கூடாது.”

இரண்டாம் விசாரணையில் கடைசி பெஞ்சைப் பார்த்து, “இஷ்டம்” என்றேன். நீதிபதி தலையாட்டினார். ஆனால் உத்தரவு போடவில்லை. கோப்பில் புதிதாக ஒரு தாள் வந்திருந்தது. மேற்கொண்டு விசாரிக்க வேண்டும் என்றார். அந்த நாளிலிருந்து உத்தரவு வரும்வரை முந்நூற்று இருபத்தொரு நாள்.

அம்மா ஒரு சலவைக் கடைக்கு மேலே, நான்காவது மாடியில், ஓர் அறையில் இருந்தாள். லிஃப்ட் கிடையாது. ஒரு கட்டில், ஒரு மேசை, காலை மட்டும் வெயில் வரும் ஒரு ஜன்னல். பள்ளி விட்டதும் நாலு மணி முதல் ஏழு மணி வரை நான் அங்கே இருக்கலாம். பிறகு இல்லத்துக்குத் திரும்ப வேண்டும். வேலை பார்க்க அவளுக்கு அனுமதி இல்லை. கை சும்மா இருக்காததால் அந்தக் கட்டடத்தில் யார் கண்ணாடி ஆடினாலும் முடுக்கிக் கொடுத்தாள். என் கையில் முதன்முதலாக ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்தது அந்த மேசையில்தான். நான் இன்று லிஃப்ட் பராமரிப்புப் பொறியாளர்.

திங்கட்கிழமை தோறும் தத்து அலுவலகத்துக்குப் போவாள். ஒரு சான்றிதழ் குறைகிறது என்பார்கள். அதைக் கொண்டுபோனால் மொழிபெயர்ப்பு குறையும். அதையும் முடித்தால் முத்திரை குறையும். இரண்டு முறை மனநல மருத்துவரிடம் அனுப்பினார்கள். எதற்கு என்று எனக்கு அப்போது தெரியாது. கவுன்டர் குமாஸ்தாவுக்கு அம்மா வைத்த பெயர் ‘அடுத்த திங்கள்’. அவர் மூக்குக் கண்ணாடியைத் தூக்கி, உதட்டைப் பிதுக்கி, நாட்காட்டியில் விரல் வைப்பதை அப்படியே நடித்துக் காட்டுவாள். நான் கட்டிலில் உருண்டு சிரிப்பேன்.

“இன்னும் எத்தனை நாள்மா?”

“அத அடுத்த திங்கள் சார்கிட்டதான் கேக்கணும்.”

எனக்குத் தமிழ் பேச ஓரளவு வரும், எழுதத் தெரியாது. பழைய தாள்களின் பின்பக்கத்தில் அம்மா பென்சிலால் எழுத்துகளை மெலிதாக எழுதுவாள். நான் அதன் மேல் பேனாவை ஓட்டுவேன். இப்படித்தான் அந்த வருடம் போனது.

நாங்கள் ஊர் திரும்பியபோது அம்மாவின் ஸ்டூலில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். முதலாளி அவளை முன்கடையில் ஃப்ரேம் துடைக்கப் போட்டார். பழைய இடம் திரும்பக் கிடைக்க நான்கு வருடம் ஆனது.

மாமா ஒரு கதை சொல்வார். கல்யாண வீடு, கிரகப்பிரவேசம், நாலு பேர் கூடினால் போதும். “எங்க மைனஸ் டூ சாதாரண ஆளில்ல. ஜட்ஜ் முன்னாடி நின்னு தெரியாதுன்னு ஒரே ஒரு வார்த்தை சொன்னா. என் தங்கச்சி ஒரு வருஷம் அந்நிய ஊர்ல கெடந்தா.” எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் கேட்பேன்.

“உன்னால இல்லடி.”

“பின்ன யாரால?”

“ஆபீஸால.”

என் மனம் நோகக் கூடாதென்று சொல்கிறாள் என்றே இருபத்தாறு வருடம் நினைத்தேன்.

மூன்று மாதம் முன்பு அம்மா இறந்தாள். மாரடைப்பு. காலை பத்து மணி, குளியலறை வாசல். நான் ஒரு மருத்துவமனையின் லிஃப்டுக்கு மேலே வேலையில் இருந்தேன். ஒன்பது முறை போன் அடித்திருக்கிறது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத முடியாது.

உடலைக் கிடத்தியிருந்த அறையிலேயே, பதினான்கு பேர் முன்னால், மாமா அந்தக் கதையை மறுபடி சொன்னார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

பன்னிரண்டாம் நாள், சான்றிதழ் ஒன்று தேடும்போது தத்துக் கோப்பைத் திறந்தேன். விசாரணைக் குறிப்புகள் தேதி வாரியாக இருந்தன. என் ‘தெரியாது’ என்ற பதிலுக்கு நேரே எழுதியிருந்தது: குழந்தைக்கு இரண்டு வாரம் அவகாசம். அடுத்த தாள் ஒரு கடிதத்தின் நகல். பதில் சொல்லச் சொல்லி அம்மாவிடம் கொடுத்திருக்கிறார்கள். தமிழில், கையால் எழுதியது. ‘ழ’வின் வால் அடுத்த வரி வரை இறங்கிச் சுழித்திருந்தது.

“என் தங்கை மனநிலை சரியில்லாதவள். பத்தொன்பது வயதில் ஆறு வாரம் மருத்துவமனையில் வைத்திருந்தோம். குழந்தையை வீட்டு வேலைக்குத்தான் அழைத்து வருகிறாள். ஒரு நல்ல மனிதன் என்ற முறையில் எச்சரிக்கிறேன்.”

மருத்துவமனையில் இருந்தது உண்மை. மஞ்சள் காமாலை. பூர்வீக வீட்டில் பாதி அம்மாவுடையது. அவளுக்குப் பிள்ளை இல்லையென்றால் அது மாமாவின் மகனுக்குப் போகும். காரணம் அவ்வளவுதான்.

தாளைத் திருப்பினேன். பின்பக்கம் முழுக்க என் எழுத்து. அம்மா, அம்மா, அம்மா என்று பதினோரு வரி. அவள் பென்சில் கோட்டின் மேல் நான் ஓட்டிய பேனா. ஒன்பது வயதில் இந்தத் தாளை என் கையில் பிடித்திருக்கிறேன். முன்பக்கத்தைப் படிக்கத் தெரியாமல்.

என் பங்கு பதினான்கு நாள். அவர் பங்கு முந்நூற்று இருபத்தொன்று.

மாமா இப்போது ஓர் ஏழு மாடிக் குடியிருப்பின் ஏழாவது மாடியில் மகனோடு இருக்கிறார். இரண்டு முழங்காலும் போய்விட்டன. குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் அவர்தான். அறிவிப்புப் பலகையில் எல்லாம் அவர் கைப்பட எழுதுவது: ‘லிஃப்டில் எச்சில் துப்பாதீர்’, ‘குழந்தைகள் தனியாக ஏறக் கூடாது’. அந்த லிஃப்டின் பராமரிப்பு என் பொறுப்பு.

வருடாந்திர சோதனைக்குப் போனேன். லிஃப்டைப் பிடித்து நிறுத்தும் பிரேக் லைனிங் தேய்ந்திருந்தது. அனுமதித்த அளவுக்கும் கீழே. லிஃப்டை நிறுத்திப் பூட்டினேன். புது லைனிங் என் வண்டியிலேயே இருந்தது. மாற்ற இரண்டு மணி நேரம் போதும். மாற்றவில்லை. படியேறி ஏழாவது மாடிக்குப் போய்க் கடிதத்தின் நகலை அவரிடம் கொடுத்தேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். அம்மா தேய்த்த கண்ணாடி.

“இத எங்க புடிச்ச?”

“அம்மா ஃபைல்ல.”

“வெச்சிருந்தாளா?” தாளை மடித்தார். “அப்ப எனக்குச் சரின்னு பட்டுச்சு. கல்யாணம் ஆகாதவ எவ பெத்த புள்ளையோ தூக்கிட்டு வர்றேன்னா, கூடப் பொறந்தவன் கேக்க மாட்டானா?”

“அம்மாகிட்ட கேட்டிருக்கலாம்.”

“முடிஞ்சு போன கதைம்மா.”

“நீங்கதான் முடிக்க விடாம சொல்லிட்டே இருக்கீங்க மாமா. அன்னிக்கு பதினாலு பேர் இருந்தாங்க. ஒவ்வொருத்தருக்கா போன் போட்டு, அவளால இல்ல, நான் லெட்டர் போட்டதாலதான்னு சொல்லுங்க. போதும்.”

“சாவு வீட்டுல பேசினத எவன் ஞாபகம் வெச்சிருக்கான்? உனக்கு என்ன கொறஞ்சு போச்சு இப்ப? அந்த ஒரு வருஷம் இல்லேன்னா நீ அவகிட்ட ஒட்டியிருப்பியா? யோசிச்சுப் பாத்தா நீ எனக்கு நன்றி சொல்லணும்.”

அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அதனால்தான் பொறுக்க முடியவில்லை. அந்த வருடத்தை எனக்குக் கொடுத்தவள் அம்மா. அவர் கொடுத்தது காத்திருப்பு மட்டும்.

நான் எழுந்தேன். வாசல் வரை வந்துவிட்டேன். பின்னாலிருந்து கேட்டார்:

“லிஃப்ட் எப்ப ஓடும்?”

“ஒரு பார்ட் குறையுது மாமா. அடுத்த திங்கள் பாக்கலாம்.”

லிஃப்டை நிறுத்தியது நியாயம். நிறுத்தியே வைத்தது பழி. இரண்டும் எனக்குத் தெரியும். தினமும் போன் செய்தார். பிசியோதெரபிக்குப் போக வேண்டும் என்றார். முத்திரை குறைகிறது என்று நான் அவரிடம் சொல்லாததுதான் பாக்கி. நன்றாக இருந்தது. சாப்பாடு இறங்கியது.

நான்காம் நாள் கட்டடத்துக்குப் போனேன். நாலாவது மாடிப் பெண் ஒரு கையில் எட்டு மாதக் குழந்தையும் மறு கையில் மடக்கிய தள்ளுவண்டியுமாகப் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

“இன்னும் எத்தனை நாள்க்கா?” என்றாள்.

கோபமாகக் கேட்டிருந்தால் பதில் இருந்திருக்கும். சும்மா கேட்டாள். ஒன்பது வயதில் நான் கேட்ட அதே குரலில்.

வண்டியிலிருந்து லைனிங்கை எடுத்து வந்தேன். மாற்றி, எடை ஏற்றிச் சோதித்து, சோதனைச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டபோது மதியம் ஒன்றரை. சான்றிதழை லிஃப்டின் உள்சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டுவோம். நாலு மூலையிலும் தலையில் மூன்று பள்ளம் உள்ள திருகு. அதைக் கழற்றும் கருவி எங்கள் நிறுவனத்திடம் மட்டும் உண்டு. இந்தப் பகுதிக்கு நான் ஒருத்திதான்.

சான்றிதழுக்குப் பக்கத்தில் ஒரு தாளுக்கு இடம் இருந்தது.

கடிதத்தின் நகலை அங்கே வைத்தேன். அதில் அம்மாவைப் பற்றிய பொய்யும் இருக்கிறது. அதனால் அடியில் மூன்று வரி தட்டச்சு செய்து ஒட்டினேன். நோய்: மஞ்சள் காமாலை. விசாரணை முடிவு: கடிதத்தில் சொன்னது எதுவும் நிரூபணமாகவில்லை. விளைவு: ஒரு தாயும் மகளும் 321 நாள் காத்திருந்தார்கள். கீழே என் பெயரைப் போட்டேன். கடிதத்தின் அடியில் அவர் பெயரும் கையொப்பமும் இருந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்தேன். அது தேவையில்லை.

திருகுகளை முடுக்கினேன். தரைத்தளத்திலிருந்து ஏழாம் மாடிக்கு முப்பத்தெட்டு நொடி. நிதானமாகப் படிக்கலாம்.

முதலில் ஏறியது நாலாவது மாடிப் பெண்தான். குழந்தை தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. கதவு மூடாமல் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி கடைசி வரி வரை படித்தாள்.

“இந்தக் கையெழுத்த எங்கேயோ பாத்திருக்கேனேக்கா.”

நான் கருவிப் பெட்டியை மூடினேன். அவள் தலையை வெளியே நீட்டி, லிஃப்டுக்கு எதிரே இருந்த அறிவிப்புப் பலகையைப் பார்த்தாள். பிறகு உள்ளே பார்த்தாள். மறுபடி வெளியே.

“ஐயோ” என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் பொத்தானை விட்டாள்.

அம்மாவின் கோப்பில் இருந்த தாள் என்னிடம் இருக்கிறது. பின்பக்கம் மேலே தெரியும்படி சட்டம் போட்டு என் மேசையில் வைத்திருக்கிறேன்.

மாமா இப்போது லிஃப்டில் ஏறுவதில்லை என்று கேள்வி. கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு மாடியிலும் உட்கார்ந்து, நூற்று இருபத்தாறு படியும் இறங்குகிறாராம். சங்கத்துக்குப் புதுச் செயலாளர் வந்துவிட்டார். அறிவிப்பெல்லாம் இப்போது அச்சடித்து வருகிறது. அந்தச் சட்டத்தைக் கழற்றச் சொல்லிப் புதுச் செயலாளர் இதுவரை எழுதவில்லை.

மாமா மட்டும் வாரம் ஒரு முறை கூப்பிடுகிறார். முதல் வாரம் அதட்டினார். இரண்டாம் வாரம் வக்கீல் என்றார். இந்த வாரம் குரல் இறங்கியிருந்தது.

“எடுத்துரும்மா. பேரன் படிக்கிறான். ஸ்கூல் போறப்ப தினமும் படிக்கிறான்.”

“பதினாலு பேருக்கும் போன் போட்டாச்சா மாமா?”

மூச்சு மட்டும் கேட்டது. படியில் உட்கார்ந்திருந்தார் போல.

“சரி, அடுத்த திங்கள் பாக்கலாம்” என்றேன்.