ரிக் வண்டி ஊரில் ஒரு சனிக்கிழமை ஆட்டம்

பியூட்டி பார்லர்களுக்கு கிரீமும் ஹேர் கலரும் விற்கிறவளைக் கண்டுபிடிப்பது ரொம்பச் சுலபம்: பஸ் ஸ்டாண்டிலேயே பெரிய பையோடும், பஸ் ஸ்டாண்டிலேயே வாடிப்போன முகத்தோடும் நிற்பவள் அவள்தான். பை தூக்கி ஊர் ஊராக அலைகிறவர்களே, உங்களுக்குத் தெரியாததா?

என் ஏரியா சேலம், ராசிபுரம், நாமக்கல், திருச்செங்கோடு. வீடு சிதம்பரத்தில். வீட்டுக்காரர் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். நான் சொல்லப்போகிற சனிக்கிழமையன்று என் தலைக்குள் ஒரே ஒரு கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய ஒப்பந்தம் முடிகிற நேரம். இன்னும் இரண்டு வருஷம் நீட்டிப்பதா, திரும்பி வந்துவிடுவதா என்று கேட்டு, "நீ சொல்றதுதான்" என்று என் தலையில் கட்டிவிட்டார். மறுநாள் பதில் சொல்ல வேண்டும். நீட்டித்தால் மாடி வீடு முடியும். "நீட்டிச்சுக்கோங்க" என்று சொல்வதாகத்தான் இருந்தேன்.

பேச்சுத் துணை

தனியாகப் போகிற பெண்ணுக்கு லாட்ஜில் ரூம் கிடைப்பது எப்படி என்று தனிப் புத்தகமே எழுதலாம். வழக்கமாகச் சனிக்கிழமை ஊருக்குப் போய்விடுவேன். அன்று மறுநாள் ராசிபுரத்தில் ஒரு டெமோ இருந்ததால் திருச்செங்கோட்டிலேயே தங்க வேண்டியதாயிற்று. லாட்ஜ் மேனேஜர் என் ஆதார் கார்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால் வாசலைப் பார்த்தார்.

"ஊட்டுக்காரரு வர்லீங்களா?"

மஸ்கட்டில் இருக்கிறார் என்றேன். உடனே அவர் முகம் இளகிவிட்டது. அந்த ஊரில் இந்தப் பதிலுக்கு விளக்கம் தேவையில்லை. ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியோடு போர் போட வடக்கே போன ஆண்கள் தெருவுக்குத் தெரு உண்டு. அடுக்கியிருந்த சாவிகளில் ஒன்றை வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்து நீட்டினார்.

"டிவி இருக்கற ரூமாப் பாத்துக் குடுக்கறனுங்க. யாராச்சும் பேசீட்டிருந்தாத்தான் நேரம் போகும்."

அங்கே மழை இல்லை

மத்தியான வேளையில் கோகிலாவின் பார்லரில் புது ஃபேஸ் பேக்கை அறிமுகப்படுத்திக்கொண்டிருந்தேன். கோகிலா என் பழைய கஸ்டமர். அவள் பார்லரில் ஒரு விசேஷம் உண்டு. வருகிற பெண்கள் எல்லோரும் போனை எடுத்து மத்தியப் பிரதேசத்தில் மழை பெய்கிறதா என்று பார்ப்பார்கள். அங்கே மழை பிடித்தால் போர் வேலை படுக்கும், வண்டி ஊர் திரும்பும், புருஷன் வருவான். இந்த ஊர் வானத்தை அவர்கள் அண்ணாந்து பார்த்து நான் கண்டதில்லை.

அன்று டெமோவுக்கு உட்கார்ந்த பெண் சத்யா. கல்யாணமாகி அதிக நாள் ஆகாதவள். திங்கட்கிழமை கணவன் வருவதற்காக முகத்தைத் தயார் செய்துகொண்டிருந்தாள். நான் பேக் போட்டு முடித்த நேரம் அவள் போன் அடித்தது. அவள் முகமெல்லாம் பேக், என் கையெல்லாம் கிரீம் என்பதால் கோகிலா எடுத்து ஸ்பீக்கரில் வைத்தாள்.

"இங்க மழ ஏமாத்திப்போடுச்சு சத்யா. ஓனரு மேக்கொண்டு போர் போட பாயிண்ட் புடிச்சுட்டாரு. தீவாளிக்கு வந்தர்றேன்."

"சரிங்க மாமா. சாப்ட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

போன் நின்றது. ஸ்பாஞ்சை நனைத்து எடுத்துக்கொண்டு, "தொடச்சிடவாம்மா?" என்றேன். கண்ணை மூடியபடி, உதடு அசையாமல் சொன்னாள்:

"வேண்டாங்க மேடம், காயட்டும். இப்ப அழுதா பேக் ஊறிப்போயிரும். காஞ்சதுக்கப்பறம் அழுதுக்கறேன்."

ஸ்பேர் பார்ட்ஸ் கடை மாடி

சாயங்காலம் கோகிலா கடையைச் சாத்தினாள். "ரூமுக்குப் போயி டிவியோட பேசவா போறீங்க? கிளப்புக்கு வாங்க மேடம்" என்று என் பையின் ஒரு காதைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டாள். பை என்னுடையது, அதனால் நானும் பின்னால் போனேன்.

ரிக் வண்டி ஸ்பேர் பார்ட்ஸ் விற்கிற கடை. அதற்கு மேல் ஒரு நீள அறை. படியெல்லாம் கிரீஸ் வாசம். மேலே ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி, ஜன்னலில் சீரியல் பல்பு, ஆள் உயர ஸ்பீக்கர். பெண்கள் மட்டும்தான். நடத்துகிறவர் ரேவதி அக்கா. பள்ளிக்கூட ஆண்டு விழாக்களுக்கு டான்ஸ் சொல்லிக்கொடுத்தவர். சுடிதார், நைட்டிக்கு மேல் துப்பட்டா, பட்டுப் புடவை என்று எல்லா வேஷத்திலும் பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். வீட்டில் தையல் கிளாஸ் என்று சொல்லி வந்தவர்கள் உண்டு, மலைக் கோயில் என்று சொல்லி வந்தவர்களும் உண்டு. பாட்டு ஆரம்பித்ததும் அத்தனை பேரும் யாருக்காகவோ காத்திருப்பவர்கள் என்பது மறந்தேபோயிற்று. அப்படி ஒரு குதி!

நான் சுவர் ஓரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எனக்கு ஆட வராது, நாளைக்கு வேலை இருக்கிறது, கால் வலி என்று மூன்று காரணம் சொன்னேன். ரேவதி அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டுப் பையைத் தூக்கி மூலையில் வைத்தார்.

"பை எங்கயும் போகாதுங்க, அதுக்குக் கால் இல்ல. உங்களுக்கு இருக்குதல்ல, எந்திரிங்க."

உயரப் பொருத்தம்

கொஞ்ச நேரம் கழித்து மெதுவான பாட்டு ஒன்று போட்டார்கள். அதற்கு ஜோடியாக ஆட வேண்டுமாம். பெண்கள் பெண்களையே பிடித்துக்கொண்டார்கள். நான் நழுவப் பார்த்தபோது, மத்தியானம் பார்லரில் பார்த்த சத்யா கூட்டத்திலிருந்து வந்து எதிரே நின்றாள். என்னைக் கீழிருந்து மேலாக அளந்தாள்.

"மேடம், நீங்க கரெக்டா என்ற ஊட்டுக்காரரு உசரமுங்க."

சிரித்துக்கொண்டுதான் அவள் கையைப் பிடித்தேன். அவள் இன்னொரு கையை என் தோளில் வைத்தாள். பிறகு தலையையும் சாய்த்துக்கொண்டாள். நாள் முழுக்க யார் யார் முகத்தையோ தொட்டுத் தடவுகிற வேலை என்னுடையது. என் தோளில் ஒரு கை விழுந்து எத்தனை காலம் ஆயிற்று என்று அந்தக் கை விழுந்த பிறகுதான் தெரிந்தது. பஸ்ஸில் இடிபடுவது கணக்கில் வராது. ஏர்போர்ட் வாசலில் அவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு என் தோளைப் பிடித்தது ஞாபகம் வந்தது. அதற்கு அப்புறம் யாரும் இல்லை.

அவள் தோள் குலுங்குவது தெரிந்தது. காய்ந்துவிட்டது போலிருக்கிறது. தேற்றலாம் என்று, "தீபாவளி வந்துடும் சத்யா, கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள..." என்று ஆரம்பித்தேன். தலையைத் தூக்காமலே சொன்னாள்:

"கொஞ்ச நேரம் பேசாம இருங்க மேடம். பேசுனா நீங்கன்னு தெரிஞ்சுருது."

படியில் செருப்புச் சத்தம்

பாட்டு முடிவதற்குள் படியில் செருப்புச் சத்தம். கதவில் ஓர் அம்மாள் மூச்சு வாங்க நின்றார். யாரோ ஓடிப்போய்ப் பாட்டை நிறுத்தினார்கள். சத்யா சட்டென்று என்னைவிட்டு விலகினாள். "அத்தைங்க" என்று முனகினாள். வந்தவர் அவளுடைய மாமியார். மலைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்த மருமகள் ஸ்பேர் பார்ட்ஸ் கடை மாடியில் நிற்கிறாள். இனி அவளை வீட்டைவிட்டு வெளியே விடுவார்களா என்பதுதான் எல்லோர் முகத்திலும் இருந்த பயம்.

அந்த அம்மாள் சுற்றிப் பார்த்தார். "பையன் எனக்கும் போன் பண்ணுனான். நீ கோயில்ல தனியா உக்காந்து அழுதுட்டிருப்பியோன்னு மலை வரைக்கும் போயிட்டு, அங்க காணாம, பாட்டுச் சத்தங் கேட்டு இங்க ஏறி வாரேன்" என்றார். சத்யா தலையைக் குனிந்துகொண்டாள். அவள் கன்னம் ஈரமாக இருந்ததை அவர் பார்த்துவிட்டார். அடுத்து என் தோள்பட்டை ஈரமாக இருந்ததையும் பார்த்தார்.

"இவ உங்க கூடத்தான் ஆடுனாளுங்களா?"

"ஆமாங்க" என்றேன். திட்டு விழுந்தால் எனக்கு விழட்டும். நான் வெளியூர், விடிந்தால் போய்விடுவேன்.

என்னைத் தலையிலிருந்து கால்வரை நிதானமாகப் பார்த்தார். பிறகு என் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, ரேவதி அக்காவைப் பார்த்துச் சொன்னார்:

"உசரம் சரிதானுங்க, ஆனா என்ற பையன் இன்னுங் கொஞ்சம் பருமன். பாட்ட எதுக்கு நிறுத்துனீங்க, போடுங்க சாமி."

மஸ்கட்டுக்கு ஒரு போன்

லாட்ஜுக்கு வந்ததும் டிவி போடவில்லை. அவரைக் கூப்பிட்டேன். ஷிப்ட் முடிந்து சமைத்துக்கொண்டிருந்தார். கடுகு வெடிக்கிற சத்தம் கேட்டது. நாளைக்குச் சொல்ல வேண்டியதை இன்றைக்கே சொல்கிறேன் என்று, "நீட்டிக்க வேண்டாம், வந்துடுங்க" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. மாடி வேலை பாதியில் நிற்கிறதே என்றார். நிற்கட்டும் என்றேன். யாராவது ஏதாவது சொன்னார்களா என்று கேட்டார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, ஒருத்தியோடு ஆடினேன், அவ்வளவுதான் என்றேன். அவருக்கு என்ன புரிந்ததோ, அடுப்பை அணைத்துவிட்டார். கடுகுச் சத்தமும் நின்றது. வைத்துவிடலாமா என்று நினைத்தபோது சொன்னார்:

"கம்பெனியில பேசிப் பாக்குறேன். நீ வெச்சுடாத. பேசலன்னாலும் பரவால்ல, கொஞ்ச நேரம் அப்படியே இரு."

அடுத்த விசிட்

கம்பெனி உடனே விடவில்லை. பேசிப் பேசி, இரண்டு வருஷம் என்பது ஒரு வருஷமாகக் குறைந்தது. சத்யாவின் கணவன் சொன்னபடி தீபாவளிக்கு வந்தான், பொங்கல் வரை தங்காமல் கிளம்பியும் போனான். அதற்குப் பிறகு திருச்செங்கோடு போனபோது கோகிலாவிடம் என் கதையைச் சொன்னேன். கலர் டப்பாக்களை அலமாரியில் அடுக்கிக்கொண்டே கேட்டாள். கடைசி டப்பாவை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"ஒரே ஆட்டத்துல ஒரு வருசம் கொறஞ்சுதுங்களா? அப்ப இந்தச் சனிக்கிழமையும் இருந்துட்டுப் போங்க மேடம், மிச்சத்தையும் முடிச்சுரலாம்."

ஊர் ஊராகப் போய் அத்தனை பெண்களையும் அழகாக்குகிற இந்த வேலையில், என்னை ஆசையாகக் கட்டிப்பிடித்தது இதுவரை ஒரே ஒருத்திதான், அதுவும் நான் வேறொருவனின் உயரத்தில் இருந்த காரணத்தால்.